வாடை அண்ணன் மைக்கைத் திறந்த நாள்

உலகத்திலுள்ள பயந்தாங்கொள்ளிகளையெல்லாம் கூட்டி ஒரு சங்கம் வைத்தால், வாடை அண்ணனைத்தான் ஏகமனதாகத் தலைவராக்குவார்கள். அவர் மட்டும் கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டார். பயம்.

நாங்கள் நான்கு பேர் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வாசகம் எழுதிக்கொண்டிருந்தோம். ஷாம்பு, மிக்ஸி, வீட்டுக் கடன், எதைக் கொடுத்தாலும் நாலு வரி எழுதிவிடுவோம். நான் பொன்னேரியில், கைக்குழந்தையோடு. அண்ணன் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு கிராமத்தில். மற்ற இருவர் எந்த ஊரோ. எங்களுக்கு மேலே மேடம். மேடத்தின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. திரையில் ஒரு சாம்பல் வட்டம் தெரியும், அது பேசும்.

ஒவ்வொரு மீட்டிங்குக்கும் முன்னால் அண்ணனிடமிருந்து எங்களுக்கு ஒரு செய்தி வரும். "வாடை கெளம்பிடுச்சி, பாத்து." வாடைக்காற்று வீசினால் அவர்கள் பக்கத்தில் படகைக் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்களாம். மேடத்தைத்தான் அப்படிச் சொன்னார், பெயர் என்னவோ அண்ணனுக்கே ஒட்டிக்கொண்டது.

மேடம் எதையாவது எழுத ஆரம்பித்தால் திரையில் புள்ளிகள் ஓடுமே, அது போதும். உடனே எனக்கு போன்.

"யம்மா, அந்தம்மா எழுதுது. எழுதி எழுதி அழிக்குது பாரு. இன்னாத்துக்கு?"

"ஒண்ணும் இருக்காதுண்ணா."

ஒருநாள் கடைசியில் "ஓகே" என்று மட்டும் வந்து விழுந்தது. அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. "ஓகேன்னா இன்னா ஓகே? இன்னாத்த முடிவு பண்ணிட்டு ஓகே?" என்று சாயங்காலம்வரை என்னைக் குடைந்தெடுத்தார்.

அந்தப் பயம் அவர் எழுத்திலும் இறங்கிவிடும். மிக்ஸிக்கு எழுதினார்: "ஒரே சுற்றில் சட்னி ரெடி. மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை அணையுங்கள், தயவுசெய்து." வீட்டுக் கடனுக்கு: "உங்கள் கனவு இல்லம் காத்திருக்கிறது. நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள்." கடன் கொடுக்கும் கம்பெனி கொதித்துப்போனது. மிக்ஸிக்காரருக்கோ கண் கலங்கிவிட்டதாம். இனி அந்த "தயவுசெய்து" போட்டவர்தான் தனக்கு எழுத வேண்டும் என்று அடம்பிடித்தார்.

அண்ணனுடையது தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற குடும்பம். இவர் மட்டும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார். ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான் என்றால், "யார் இடுப்புன்னு சொன்னாங்களா?" என்று கேட்பார். வீட்டில் சிக்னல் கிடைக்காததால் கரையில் ஏற்றிவைத்த படகுக்குள் உட்கார்ந்துதான் மீட்டிங். மணலில் கிடக்கிற படகு. அதிலும் விளிம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். பின்னால் வலை சரிசெய்துகொண்டிருக்கும் அவருடைய நைனாவின் குரல் எங்களுக்கெல்லாம் கேட்கும். "டேய், யார்கிட்டடா மேடம் மேடம்ன்ற? அங்க ஒருத்தரையும் காணோமே."

ஒருநாள் வாடை நிஜமாகவே அடித்தது.

"இனிமே பாதி வேலைய மெஷினே எழுதிடும். மூணு பேர் போதும்," என்றது சாம்பல் வட்டம். "மாசக் கடைசில யாரோட வாசகம் கம்மியா ஓகே ஆகியிருக்கோ, அவங்க கெளம்பலாம்."

என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. குழந்தையை விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக வழியில்லை. எங்களுக்கு வேலைகள் ஒரு பொதுப் பலகையில் வரும், முதலில் தொடுகிறவருக்கு அது சொந்தம். குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி நான் தொடுவதற்குள் எவராவது கொத்திக்கொண்டு போயிருப்பார்கள். குளிக்கப் போனாலும் போனோடு போனேன். குழந்தை அழுவதற்கு முன்னால் நான் அழுதேன்.

அண்ணன் எங்கள் மூவரையும் போனில் சேர்த்துப் பிடித்தார்.

"எல்லாரும் ஒரே எடத்துல வலய போட்டா வலதான் கிழியும். எங்க ஊர்ல பாடுனு ஒண்ணு கீது. இன்னிக்கு யாரு பாடோ அவங்கதான் அந்த எடத்துல வல போடுவாங்க. மத்தவன் கிட்ட போவ மாட்டான்."

"மீறிப் போனா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஊர் கூடி கேப்பாங்க. அதுக்கு நான் சின்ன வயசுலேர்ந்தே பயந்துனு கீறேன்."

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நாள் பாடு. என் நாளில் பலகையை யாரும் தொடவில்லை. என் பாடு வந்த ஒருநாள் குழந்தைக்குக் காய்ச்சல். அந்த நாளை அண்ணன் எடுத்துக்கொண்டு, மாதத்தின் கடைசி நாளில் வந்த தன் முறையை எனக்குக் கொடுத்தார். மாதம் முடிந்தபோது நான்கு பேருடைய கணக்கும் துளி பிசகாமல் சமமாக நின்றது. தப்பித்தோம் என்று மகிழ்ந்துபோனோம். அவர்கள் ஊரில் சமம் என்றால் நியாயம். மேடத்தின் அகராதியில் அது கூட்டுச் சதி என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"நாலு பேருக்கும் எப்படி ஒரே நம்பர் வரும்?" கடைசி நாள் மீட்டிங்கில் வட்டம் கேட்டது. "யார் ஏற்பாடு இது?"

எல்லா மைக்கும் மூடிக்கிடந்தன. அப்போது ஒரு மைக் திறந்தது. முதலில் காற்றுச் சத்தம், பிறகு பற்கள் தந்தியடிக்கும் சத்தம்.

"நான்தான் மேடம்."

பாடு பற்றி நடுங்கி நடுங்கி முழுக்கச் சொன்னார். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி. அப்போ யார் போறதுன்னும் நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் பெயர் வரப்போகிறது என்றே நினைத்தேன்.

"இன்னிக்கு யாரு பாடோ அவங்க போவட்டும் மேடம்," என்றார் அண்ணன். "இன்னிக்கு என் பாடு."

அன்று அவர் பாடு இல்லை. என்னுடையது. ஊர் கேட்கும் என்று சின்ன வயதிலிருந்து பயந்த மனிதர், அத்தனை பேர் முன்னால் கட்டுப்பாட்டை மீறி என் முறையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மைக்கைத் திறப்பதற்குள் மீட்டிங் முடிந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு பஸ் ஏறி தோணிரேவுக்குப் போனேன். அண்ணன் ஏரிக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கையால் படகை இறுக்கிப் பிடித்தபடி. நைனா சிரித்துக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லையாண்ணா?"

"பயந்தான். ஆனா மேடத்த வுட ஆழம் கம்மி."

"அன்னிக்கு என் பாடுண்ணா."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "மெதுவா சொல்லும்மா. ஊர்ல யாராவது கேட்டா அபராதம் போட்ருவாங்க."

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். மீட்டிங் என்றால் இன்றும் பயம்தான். அந்த நேரம் பார்த்து, ஏரியிலிருந்து தவறாமல் ஒரு செய்தி வந்துவிடும்: "வாடை கெளம்பிடுச்சி, பாத்து." அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பயம் கொஞ்சம் விடுகிறது.