கோயம்புத்தூர்க் கடல்

"தெப்பத்தை நீதான் ஓட்டணும், அருணகிரி. வேற ஆளே இல்ல" என்றார் பரசுராமன்.

அருணகிரியின் கையிலிருந்த இட்லி வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

வழக்கமாகத் தெப்பம் தள்ளுகிறவர் பைக்கிலிருந்து விழுந்து, கையில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். மறுநாள் தைப் பௌர்ணமி. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரின் மாரியம்மன் கோயில் குளம், நல்ல மழையில் பல வருஷம் கழித்து விளிம்பு வரை நிறைந்திருந்தது. ஊரே குதித்துக்கொண்டிருந்தது.

"பதினஞ்சு வருஷம் நேவில இருந்தவன் ஊர்ல இருக்கும்போது நான் எதுக்கு வெளியாள் தேடணும்?" என்றார் விழாக் கமிட்டித் தலைவரான பரசுராமன்.

நியாயமான கேள்விதான். சிக்கல் ஒன்றே ஒன்று. அருணகிரி கடற்படையில் இருந்தாரே தவிர, கடலில் இருந்ததில்லை.

வாலிபத்தில் ஆள் எடுக்கிற முகாமுக்குப் போனபோது, மலையை மட்டுமே பார்த்து வளர்ந்த அவருக்கு வெள்ளை உடுப்பும் நீலத் தண்ணீரும் கண்ணில் நின்றன. மற்ற வரிசைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேவி வரிசையில் போய் நின்றார். பயிற்சியில் ஒரு தடவை கப்பலில் ஏற்றினார்கள். கரை மறைவதற்குள் தொடங்கிய வாந்தி, திரும்பிக் கரை சேர்ந்த பிறகுதான் நின்றது. கடற்படைக்குக் கோயம்புத்தூரிலும் ஓர் இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே ஸ்டோரில் பூட்ஸும் கம்பளியும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் அவரை உட்கார வைத்தார்கள். அப்புறம் எழுப்பவே இல்லை.

மகள் சிந்துஜா சின்ன வயதில் போனில், "கடல் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டபோது, பாழாய்ப்போன மனசு உண்மையைச் சொல்ல விடவில்லை. அன்று முதல் எப்போது போன் செய்தாலும் அவர் நடுக்கடலில்தான் இருந்தார். தெருவில் காய்கறி வண்டிகள் ஒலிபெருக்கியோடு போகும் என்பதால், ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அலையைப் பற்றிப் பேசுவார். உண்மை தெரிந்தவள் மனைவி சந்திரகலா ஒருத்திதான் என்பது அவருடைய கணக்கு.

இப்போது அந்த சிந்துஜா கடற்படை, விமானப்படை இரண்டிலும் தேர்வாகியிருந்தாள். நாளை ராத்திரிக்குள் எது வேண்டும் என்று ஆன்லைனில் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு மாதமாக, "நேவிதான்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அருணகிரிக்குக் கால் தரையில் இல்லை. இந்த வீட்டில் ஒருத்தராவது நிஜமாகக் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. உண்மை வெளியே வந்து, அவள் மனசு மாறிவிட்டால் அந்த ஆசையும் போச்சு.

"பொண்ணு ஏர்ஃபோர்ஸ்ல சேரட்டுமே" என்றார் பரசுராமன், இட்லி ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு. "நான் இருபது வருஷம் இருந்தேன். ஒரு தடவைகூட பிளேன் ஏறல. சமையக்கட்டுதான். நிம்மதியான வேலை."

அருணகிரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இப்படி விளம்பரம் செய்தால் ஏர்ஃபோர்ஸுக்கு யார் போவார்கள்?

சிந்துஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, நேவி நீ நெனச்ச மாதிரி இருந்துச்சா?"

"நெனச்சதுக்கு மேலம்மா" என்றார் அருணகிரி. வேறு என்ன சொல்வது? "தெப்பம் எல்லாம் எனக்கு ஒரு விஷயமா?"

இப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

குளக்கரைக்குப் போய்த் தெப்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையை ஆட்டினார். "அடியில மிதக்கற பேரல் கம்மி. பேலன்ஸ் இல்ல. இத வெச்சினு நான் ரிஸ்க் எடுக்க முடியாது. இந்த வருஷம் விட்டுடலாம்."

"நேவிக்காரன் கண்ணே தனி" என்று பரசுராமன் அசந்துபோனார். மதியத்துக்குள் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு டெம்போ நிறைய பேரல் வந்து இறங்கியது. தெப்பம் இரண்டு மடங்காகிவிட்டது. இடம்தான் ஜாஸ்தி இருக்கிறதே என்று நாதஸ்வரக் குழுவையும் ஜெனரேட்டரையும் அதிலேயே ஏற்ற முடிவானது.

அருணகிரி அடுத்த குண்டைப் போட்டார். "யூனிஃபார்ம் இல்லாம நான் ஏறக் கூடாது. அது எப்பவோ சின்னதாயிடுச்சு."

சந்திரகலா பீரோவிலிருந்து உடுப்பை எடுத்து வந்தாள். தையற்கடையில் இரண்டு பக்கமும் பிரித்து வேட்டித்துணி வைத்துத் தைத்ததில், அது அவருக்குப் புதுசு மாதிரி பொருந்தியது.

"நீயே என்னைக் குளத்துல தள்றியே, கலா" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"பதினஞ்சு வருஷம் உங்க மானத்தக் கட்டிக் காத்தேன். ஒரு குளத்துக்காக அத வுடச் சொல்றீங்களா? பேசாம ஓட்டிட்டு வாங்க."

மறுநாள் மாலை அவர் கோயிலுக்குப் போனபோது, வாசலில் ஒரு பிளெக்ஸ் நின்றது. பெரிய கப்பலின் மேல் அருணகிரி சல்யூட் அடித்தார். பின்னால் அண்ணாமலை, அதன் அடிவாரத்தில் அலைகள். 'ஏழு கடல் கண்ட எங்கள் மாலுமி' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு கிரிவலம் போகிற கூட்டத்தில் பாதி இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நாலு கரையிலும் தலைகள். வேன் வேனாக வந்து இறங்கினார்கள்.

அருணகிரிக்கு ஒரு பயம்தான். கட்டிப்போட்டிருந்த தெப்பத்தில் சும்மா ஏறிப் பார்த்தபோதே வயிறு புரட்டியிருந்தது. அம்மன் முன்னால் வாந்தி எடுத்தால் ஏழேழு ஜென்மத்துக்கும் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. மெடிக்கலில் பஸ் வாந்திக்கான மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். வாந்தி நின்றது. தூக்கம் வந்தது.

மேளம் முழங்க, பட்டாசு வெடிக்க, சீரியல் விளக்குகள் மின்ன, அம்மனோடு தெப்பம் கிளம்பியது. அம்மன் பக்கத்தில் நின்ற ஒரே பூசாரி அருணகிரிக்கு இரண்டாகத் தெரிந்தார். நீளமான மூங்கிலைக் குளத்தில் ஊன்றி, அதன் மேலேயே சாய்ந்து கண்ணை மூடினார். மொத்தப் பாரமும் ஒரு பக்கமாக அழுத்தியதில், தெப்பம் முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றியது.

மேற்குக் கரையில் குலவைச் சத்தம் கிளம்பியது. வருஷா வருஷம் அம்மனின் முதுகை மட்டுமே பார்த்து வந்தவர்கள் அவர்கள்.

"நாலு பக்கமும் திரும்பிக் காட்சி குடுக்கறாடா, எங்கம்மா" என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு சுத்து சுத்துப்பா" என்று கிழக்குக் கரை கேட்டது.

அருணகிரி திடுக்கிட்டு விழித்து, மூங்கிலை முழுப் பலத்தோடு அழுத்தினார். அது சேற்றில் ஆழமாகப் புதைந்துகொண்டது. தெப்பம் நகர்ந்தது. மூங்கில் நகரவில்லை. எதைப் பிடிப்பது என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லாததால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். தெப்பம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

வெள்ளை உடுப்போடு நட்டநடுக் குளத்தில், கொடிக்கம்பத்தில் ஏறியவர் போல அவர் தொங்கினார். நாதஸ்வரம் நின்றது. மூங்கில் மெதுவாகச் சாய, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போனார்.

"ஐயோ" என்று சந்திரகலா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அருணகிரிக்குத் தூக்கம் பறந்தது. கால் தரையைத் தொட்டது. தண்ணீர் கழுத்தளவுதான். கொஞ்சம் தெம்பு வந்ததும் தெப்பத்தைப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே நடந்தார். கரையிலிருந்தவர்களுக்குத் தலை மட்டுமே தெரிந்தது. ஒற்றை ஆளாக நீந்தி, அம்மனையும் பூசாரியையும் நாதஸ்வரத்தையும் ஜெனரேட்டரையும் தள்ளி வருகிறார் என்று நினைத்தார்கள். விசில் காதைப் பிளந்தது.

வாந்தியே வரவில்லை. தண்ணீர் நடுவில், உடுப்போடு, ஊரே பார்க்க, ஒரு கலத்தைக் கரை சேர்க்கிறார். பதினைந்து வருஷம் கோயம்புத்தூரில் உட்கார்ந்து கனவு கண்டது இதைத்தான். சந்தோஷத்தில் அவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

கரையேறியதும் பரசுராமன் மாலை போட்டுக் கட்டிக்கொண்டார். "நான் தோத்துட்டேன்டா. நேவின்னா நேவிதான்."

சிந்துஜா படித்துறையின் மேல் படியிலேயே நின்றிருந்தாள். தண்ணீர்ப் பக்கம் அவள் எப்போதும் அதற்குக் கீழே இறங்க மாட்டாள். கண் இரண்டும் அகலமாக விரிந்திருந்தன. பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது என்று அருணகிரி நினைத்துக்கொண்டார்.

"அப்பா, நேவில இப்படித்தான் தண்ணில குதிக்கணுமா?"

"இதெல்லாம் ஒரு தண்ணியாம்மா? கடல்ல பனைமர உசரத்துக்கு அலை வரும். நெனச்ச நேரத்துல குதின்னுவாங்க, குதிச்சுனே இருக்கணும்."

"எல்லாருமேவா?"

"எல்லாருமேதான்."

"அப்போ நீ நெஜமாவே..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய், போனில் எதையோ அழுத்தினாள்.

"கன்ஃபார்ம் பண்ணிட்டியாம்மா?"

"பண்ணிட்டேன்பா" என்று சொல்லிவிட்டு, அவருக்குத் துண்டு எடுத்து வர வீட்டுக்கு ஓடினாள்.

அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஈர உடுப்போடு படிமேல் ஏறி நின்று, "எம்பொண்ணு கடலுக்குப் போறா" என்று கூட்டத்துக்குச் சொன்னார். ஊர் கைதட்டியது. சந்திரகலாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு வேதா, சிந்துஜாவின் தோழி, மட்டும் கைதட்டாமல் அவரைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா வேதா, உனக்கு சந்தோஷம் இல்லியா?"

"இல்ல பெரிப்பா, நீங்க போன் பண்ணும்போதெல்லாம் பின்னாடி கோயம்புத்தூர் பூண்டு வண்டி கத்துமாம், அதனால நேவில சேர்ந்தா தண்ணிப் பக்கமே போக வேணாம்னு நம்பித்தான் அவ இவ்ளோ நாளா நேவி நேவின்னு சொல்லினு இருந்தா, இப்ப உங்களப் பாத்து பயந்து, பரசுராமன் மாமா இருந்த ஏர்ஃபோர்ஸே போதும்னு அமுத்திட்டா."