நகைக்காரனும் வண்டிக்காரனும்

பணக்காரனாகிவிடுவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். காரணம் ஒரு பெண். பதறாதீர்கள், போனில்.

"சார், லோன் வேணுமா?" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு பகலில் என்னிடம் யாராவது எதையாவது கேட்பதே அபூர்வம். விடுவேனா? "உங்க கம்பெனியில வாராக்கடன் எவ்வளவும்மா?" என்று பேச்சை நீட்டினேன். வைத்துவிட்டாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் கொடுக்கிறார்களே, அந்தத் தொழிலில் நாமும் பங்கு வாங்கினால் என்ன என்று தோன்றியது.

மறுபடி வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அது உறுமும், நிற்கும். நிற்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும். மகன் ஞாயிறு தவறாமல் போனில் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா எங்கப்பா?" என்பான். அம்மா, அதாவது என் மனைவி, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். இருட்டிய பிறகு வருவாள். வந்தால் சமையல், அப்புறம் அக்காவோடு போன். என் பங்குக்குக் கிடைப்பது இரண்டு வாக்கியம். "மோட்டார் போட்டீங்களா?" "மோட்டார அணைச்சீங்களா?"

அன்று சாப்பிடும்போது சொன்னேன். "டிவிடெண்ட் தர்ற பைனான்ஸ் கம்பெனி பங்கு கொஞ்சம் வாங்கலாம்னு இருக்கேன்."

அவள் போனைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "எந்தக் கம்பெனி?"

"ரெண்டு இருக்கு. ஒருத்தன் நகை மேல கடன் கொடுக்கிறான். இன்னொருத்தன் வண்டி வாங்கக் கடன் கொடுக்கிறான்."

"போடுற பணத்துக்கு எவன் அதிகம் தர்றான்?"

"வண்டிக்காரன்."

"அப்ப அவனையே வாங்குங்க."

"அவசரப்படாதே. அவன் பங்கு விலை விழுந்துகிடக்கு. அதனாலதான் டிவிடெண்ட் பெருசாத் தெரியுது. விலை ஏன் விழுந்துச்சுன்னு பாக்க வேண்டாமா?"

"பாருங்க. பாத்துட்டு நாளைக்குச் சொல்லுங்க."

நாளைக்குச் சொல்லுங்க! கல்யாணமான நாளாக நான் காத்திருந்த வார்த்தை. அன்று இரவு என் மூளை வேலை செய்தது. நாளைக்கே முடிவு சொன்னால் நாளன்னைக்கு எதிர் நாற்காலி காலி. ஆகவே முடிவே சொல்லக் கூடாது.

இழுத்தடிப்பது எனக்குக் கைவந்த கலை. கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம் பார்த்தவன். ஒரே நடையில் எந்தத் தராசுக்கும் முத்திரை குத்தியதில்லை. முள் நடுவில் நின்றாலும், அது நிஜமாகவே நிற்கிறதா, எனக்காக நிற்கிறதா என்று சந்தேகப்படுவேன். கடைக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ஜவ்வு. இதை மட்டும் வீட்டில் நான் மூச்சு விட்டதில்லை.

தினமும் ஒரு சந்தேகம் தயார் செய்தேன்.

"நகைக்காரன் வருஷம் தவறாம டிவிடெண்ட் கொடுத்திருக்கான்."

"அப்ப நகைக்காரன்தானே?"

"தங்கம் விலை சரிஞ்சா?"

"ஐயோ, ஆமா. வண்டிக்காரன் லாபத்துல எவ்வளவு பிரிச்சுத் தர்றான்?"

"முக்காவாசி."

"அவ்வளவையும் வாரிக் கொடுத்துட்டா தொழில எத வச்சு நடத்துவான்?"

"அதான் யோசிக்கிறேன்."

"கடன் வாங்கினவன் வண்டியோட ஓடிட்டா?"

"இவன் வேற வண்டியில துரத்தணும்."

சிரித்தாள். என் ஜோக்குக்கு! மறுநாள் காலையில், யாரும் இல்லாத வீட்டுக்குள், நான் சவரம் செய்துகொண்டேன்.

ஒருநாள் திடீரென்று, "இன்னைக்கே முடிவு பண்ணிடுவோமா?" என்றாள். எனக்கு வியர்த்துவிட்டது.

"நகைக்காரன் கம்பெனியில முதலாளி பையன் பொறுப்புக்கு வந்திருக்கான். எப்படி நடத்துறான்னு கொஞ்ச நாள் பாக்கணும்."

"அதுவும் சரிதான்" என்று எழுந்து போனாள். பாவம், ஏமாளி என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதலாளி பையன் நன்றாகத்தான் நடத்தினான் போலிருக்கிறது. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் என் போனில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி. எங்கள் கூட்டுக் கணக்கில் நகைக்காரன் டிவிடெண்ட் வரவு. அந்த வாரமே வண்டிக்காரன் டிவிடெண்டும் வரவு. நான் ஒரு பங்குகூட வாங்கவில்லையே!

அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். "நீ வாங்கினியா?"

"ஆமா. நீங்க பேச ஆரம்பிச்ச வாரமே. என் சேமிப்புலதான். ரெண்டுலயும் பாதிப் பாதி."

பாதிப் பாதி! இத்தனை மாதத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

"வாங்கிட்டு எதுக்கு தினமும் உக்காந்து கதை கேட்ட?"

கைப்பையை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கடையில கண்ணுக்கு லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேப்போம். சில பேருக்கு முதல் லென்ஸ்லயே பளிச்சுன்னு தெரிஞ்சிடும். இருந்தாலும், இன்னொண்ணு போட்டுப் பாக்கலாமான்னு கேப்பாங்க. வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது. நாங்களும் போடுவோம்."

அவள் எதிரில் அழுதுவிடக் கூடாது என்று முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டேன்.

"அப்ப என் பணம் இத்தனை நாளும் சும்மாவே கிடந்திருக்கு!"

"கிடக்கட்டும். ரெண்டையும்தான் பேசி முடிச்சாச்சே. நாளைக்கு வீட்டுக்கடன் கம்பெனி ஒண்ணு எடுங்க" என்றாள். "அது இருபது வருஷம் இழுக்குமாமே, ஜவ்வு சார்."