அறுக்காத மஞ்சள் ரோடு

ஆரணியில் பட்டு நெய்தவர், விற்றவர், பட்டால் நொடித்தவர் எல்லாரையும் பார்த்துவிட்டேன். பட்டுநூலாலேயே சுவரில் ரோடு போட்டவர் ஒரே ஒருத்தர்தான். அவரை நாங்கள் ரோட்மேப்பு என்றுதான் சொல்வோம்.

எங்கள் புடவைக் கம்பெனிக்கு மேனேஜராக வந்தவர். வந்த அன்றே ஆபீஸ் சுவர் நாலிலும் ஆணி அடித்தார். நூல் வாங்குவதற்கு ஓர் ஆணி, சாயத்துக்கு ஓர் ஆணி, தறிக்கு, கடைக்கு, டீக்காரருக்குக்கூட ஓர் ஆணி. "எல்லாரும் ஒரே பிளான்ல ஓடணும்" என்று ஒரு சிட்டம் மாம்பழ மஞ்சள் நூலை ஆணிக்கு ஆணி இழுத்தார். பிளான் மாறினால் ஆணி இடம் மாறும். ஒரே மாதத்தில் சுவர், தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டை மாதிரி ஓட்டையாகிவிட்டது. முதலாளியே தன் ஆபீஸுக்குள் குனிந்துதான் நுழைந்தார்.

"நடுவுல அறுத்து முடிச்சு போட்டுக்கலாமே சார்?" என்றார் சாயக்காரர்.

"அறுக்கவே கூடாதுங்க. ஒரே இழை. அதான் ஒருங்கிணைப்பு."

"டீ சொல்றதுக்குமா சார்?"

"டீக்கும்தான். நாலு மணிக்கு எத்தினி பேருக்குத் தலவலி வரும்னு காலையிலயே சொல்லிடணும்."

நூல் சுத்துவது என் வேலை. நான் சுத்தி அறுந்த இழை இந்த ஊரில் கிடையாது. எல்லாருக்கும் நான் நூலக்கா. அவர்தான் "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டு, என் ஆணிக்கு மேலே எழுதினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் பக்கத்து ஊர் முள்ளிப்பட்டிலிருந்து எங்கள் நெசவாளி ஓடி வந்தார். "கல்யாணப் புடவை ஒரு விரக்கடை பாக்கி. ஊடைக்கு ஓட்டுற மாம்பழ மஞ்ச நூல் தீந்துபோச்சு!"

அந்த மஞ்சள் எல்லாம் ஒரே தடவை முக்கிய சாயம்; மறுபடி போட்டால் நிறம் மாறும். மறுநாள் புடவை போயாக வேண்டும்.

"போவலன்னா நீங்க வேலைய விட்டுட்டு போளூர் பஸ் ஏறிடுங்க" என்றார் முதலாளி ரோட்மேப்பிடம். "இத்தினி பிளான் போட்டுகினு, நூலை எங்க சார் விட்டீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

ரோட்மேப்புக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, அது அஞ்சு வருஷ பிளான்மா!"

"இப்ப அது ஒரு விரக்கடைப் புடவைங்க. ஜல்தி அவுருங்க."

"கடை... தறி... சாயம்..." என்று முனகிக்கொண்டே ஆணி ஆணியாக விடுவித்தார். சாயக்காரரும் டீக்காரரும் இழை தரையில் படாமல் ஏந்திக்கொண்டார்கள். முதலாளி ஒரு மூலையில் தூக்கிப் பிடித்தார். கம்பெனி முழுக்க ஒரே இழையில் வேலை செய்தது அன்றைக்குத்தான். நான் சுத்தினேன். அறுக்காத நூல், ஒரு முடிச்சு இல்லை. அஞ்சு வருஷமும் ஒரு நூல்கண்டில் அடங்கிவிட்டது.

புடவை போனது. அவர் பஸ் ஏறவில்லை. ரெண்டு வருஷம் கழித்துப் பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டுத்தான் போனார்.

வெள்ளையடிக்க வந்தவர்கள் ஆணியெல்லாம் பிடுங்கினார்கள். என் பேர் எழுதின இடத்தில் மட்டும் நான் யாரையும் கைவைக்க விடவில்லை. என் சோத்துப்பை இன்றைக்கும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது.