அரக்கு அண்ணாச்சியும் மூன்று பாட்டில்களும்

உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பயபக்தியோடு படித்த மனிதர் இந்தத் தேசத்திலேயே ஒருவர்தான். அதை எழுதியவர்கள்கூட அப்படிப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. திருவனந்தபுரம் வலியசாலையில் மெஸ் நடத்திய அரக்கு அண்ணாச்சி, தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதைப் படிப்பார். ஒரு பிரிவு முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக நான் அந்த ஊரில் இருந்த காலமெல்லாம் அவர் மெஸ்ஸில்தான் சாப்பிட்டேன். பெயரைக் கேட்கத் தோன்றியதே இல்லை. தென்காசிப் பக்கத்துக்காரர். மலையாளமும் தமிழும் கலந்து, இரண்டையும் சமமாகக் கொலை செய்து பேசுவார். என்னை ‘ரெப்பு’ என்பார்.

எல்லாம் ஒரு மஞ்சள் தூளில் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மதியம் உணவு ஆய்வாளர் ஒருவர் மெஸ்ஸுக்கு வந்து சாம்பிள் எடுத்தார். அன்றைய சட்டப்படி, எடுத்ததை மூன்று பாட்டில்களில் பிரித்து, நூல் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை வைக்க வேண்டும். ஒன்று பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். மற்ற இரண்டும் பின்னால் தகராறு வந்தால் பார்த்துக்கொள்ள. பக்கத்தில் இருப்பவர் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ‘சாட்சி’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் ஓடியவன் நான்.

ரிப்போர்ட் வருவதற்குள் அண்ணாச்சி பாதியாக இளைத்துவிட்டார். அதே தெருவில் இருந்த வக்கீல் சாமியிடம் போய் நின்றார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

“தூள்ல சாயம் கீயம் இருந்ததோ, குறைஞ்சது ஆறு மாசம் ஓய்,” என்றார் சாமி, வெற்றிலையை மடித்துக்கொண்டே. “நீர் கலந்தீரா, கடைக்காரன் கலந்தானான்னெல்லாம் சட்டம் கேக்காது.”

“தப்பிக்க வழியே இல்லியா சாமி?”

“ஒண்ணு இருக்கு. சரக்கு சுத்தமானதுன்னு வித்தவன்கிட்ட எழுதி வாங்கி வச்சிருந்தா நீர் வெளியில வந்துடலாம். எழுதிக் கொடுத்தவன் உள்ள போவான். அதுக்குப் பேர் வாரண்டி.”

ரிப்போர்ட் வந்தது. மஞ்சள் தூள் சுத்தமோ சுத்தம். ஆனால் அண்ணாச்சிக்குப் பிடித்த பயம் விடவில்லை. மறுநாளே சட்டப் புத்தகம் வாங்கினார். நூறு வாரண்டித் தாள் அச்சடித்தார். சாலைக் கடைத்தெருவில் தக்காளி வாங்கப் போய், ஒவ்வொரு கூடைக்கும் வாரண்டி கேட்டார். மொத்த வியாபாரி அவரைத் தக்காளியோடு வெளியே தள்ளினார். வாழை இலை கொண்டுவருகிறவர், “இலையைத் திங்கவா போறீங்க?” என்று கேட்டுவிட்டு வருவதையே நிறுத்திக்கொண்டார். ஒரு தீபாவளிக்கு நான் ஊரிலிருந்து ஆசையாக அல்வா வாங்கி வந்து கொடுத்தேன். பொட்டலத்தை முகர்ந்து பார்த்தார், கண்ணை மூடி ரசித்தார், பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

“கடை பேரு, வாங்கின தேதி எழுதி ஒரு ஒப்பு போடும் ரெப்பு.”

“அண்ணாச்சி, இது அன்பளிப்பு!”

“அன்புல கலப்படம் இருக்காதுன்னு எந்த செக்‌ஷன்ல வேய் எழுதியிருக்கு?”

நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் அல்வாவை வாயில் போட்டார்.

வாரண்டியோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். தினமும் வைக்கிற சாம்பாரையும் மூன்று பாட்டில்களில் பிரித்து அரக்கு வைக்க ஆரம்பித்தார். மெஸ் முழுக்க அரக்கு வாசனை. பெயர் வந்த கதை அதுதான். காலி மருந்து பாட்டில்கள் கொண்டுவந்து கொடுத்த பாவம் என்னுடையது. சாப்பிட்டு எழுந்தவர்கள் கைகழுவிய ஈரத்தோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கும் வெற்றிலையும் கிடைக்கும். நாளடைவில் எங்களுக்குப் பழகிவிட்டது. அந்த மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் அளவுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் ரிஜிஸ்தர் ஆபீஸிலும் கிடையாது. ஒருமுறை, சீல் வைத்த நான்காம் நாளில் அலமாரிக்குள் புளித்துப்போன சாம்பார் பாட்டில்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஒரு தபால்காரர் இலையோடு மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டார். அண்ணாச்சி சுவரெல்லாம் வழிந்த சாம்பாரைப் பார்த்துப் பதறவே இல்லை. “பாத்தீரா, பாட்டிலே வெடிச்சிருக்கு, அரக்கு விடல்ல!” என்று சந்தோஷப்பட்டார்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அண்ணாச்சி ஜாடி ஜாடியாகக் கல்லுப்பைக் கிணற்றடியில் கொட்டினார். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தடையை நீக்கினார்கள். “கொட்டுன உப்ப யாரு வேய் திரும்பத் தருவா?” என்று ஒருவாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு, சைவப் பண்டங்களின் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. பாக்கெட்டுக்குத்தான் சட்டம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சாம்பார் வாளி, ரசச் சட்டி, மோர்ப் பானை எல்லாவற்றிலும் பச்சை பெயிண்டால் புள்ளி வைத்தார். சமையல் மாஸ்டரின் வெள்ளை பனியன்மேலும் ஒன்று வைத்தார்.

இத்தனை கூத்துக்கும் முகம் சுளிக்காத ஒரே ஆள் தங்கம்மை. கரமனை ஆற்றங்கரையில் வீடு. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகள், ஒரே ஒரு பசு. தினமும் காலையில் பால் ஊற்றுவாள், அண்ணாச்சி நீட்டுகிற தாளில் ஒப்பு போடுவாள், சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

அடுத்த வருஷம் கோடையில் ஒருநாள் காலை, தங்கம்மை பால் ஊற்றிவிட்டுப் போன கையோடு புது ஆய்வாளர் ஒருவர் வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. “பால் சாம்பிள் எடுக்கணும்,” என்றார்.

மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது போல அண்ணாச்சி ஓடிப்போய் நாற்காலி போட்டார். ஆய்வாளர் கரண்டியை எடுத்துப் பாலின் மேற்பரப்பில் விட்டார்.

“நிறுத்தும் சாரே! மேலாக்கல எடுத்தா கேசு நிக்காது. நல்லா இளக்கணும்,” என்று சொல்லி, பாலை அண்டாவுக்கும் வாளிக்குமாக ஐந்து தடவை அவரே மாற்றி மாற்றி ஊற்றினார். பாட்டிலில் ஈரம் இருக்கக் கூடாது என்று வெயிலில் காயவைத்தார். “பால் கெடாம இருக்க மருந்து போட்டீரா? எத்தன சொட்டு? எண்ணிப் போடும்,” என்று அதட்டினார். சாட்சி வேண்டும் என்று ஆய்வாளர் தயங்கியபடி கேட்டதும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒன்பது பேரும் கையைத் தூக்கினோம். முதல் கையெழுத்து என்னுடையது. கடைசியில் ஆய்வாளரிடம் அரக்கு தீர்ந்துவிட்டது. அண்ணாச்சி தன் அரக்கையே கொடுத்து, தானே உருக்கி ஊற்றினார். ஆய்வாளர் கண் கலங்கி, “இவ்வளவு உதவி யாரும் செஞ்சதில்ல,” என்றார்.

ரிப்போர்ட் வந்தது. பால் தரத்தில் குறைவு. சட்டம் கேட்கிற சத்து அதில் இல்லை. தண்ணீர் கலந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது.

வக்கீல் சாமி, சாம்பிள் எடுத்த விதத்தைச் சாட்சிகளோடு ஆய்வாளர் எழுதிவைத்த மஹஸரை மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பால் கேஸ்ல நான் மூணு காரணம் சொல்லி ஜெயிப்பேன். பாலைக் கலக்கல்லை, பாட்டில் காயல்லை, சாட்சி இல்லை. மூணையும் அடைச்சு வச்சிருக்கான் ஓய்! என் ஆயுசுல இவ்வளவு லட்சணமான சாம்பிளைப் பார்த்ததே இல்லை. எவன் எடுத்தான் இதை?”

“நான்தான் சாமி,” என்றார் அண்ணாச்சி. அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“சரி, வாரண்டி இருக்கோ?”

அண்ணாச்சியின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. இத்தனை வருஷம் ஊரெல்லாம் சிரித்தது இந்த ஒரு கேள்விக்காகத்தானே! ஃபைலைப் புரட்டி, அன்றைய தேதித் தாளை உருவினார். அடியில் தங்கம்மையின் ஒப்பு.

“பிரமாதம். நாளைக்குக் கோர்ட்டுல கொடுத்துடலாம். நீர் வெளியில, அவ உள்ள.”

“உள்ளன்னா?”

“கேஸுக்குள்ள. அப்புறம் ஜெயிலுக்குள்ள. அதே ஆறு மாசம்.”

அண்ணாச்சி தாளை நீட்டியிருந்த கையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஒருநாள் டயம் தாரும் சாமி,” என்றார்.

மறுநாள் ஒரு கால்நடை டாக்டரிடம் பால் சோதிக்கிற கண்ணாடிக் கருவியை நான் இரவல் வாங்கி வந்தேன். சாயங்காலம் இருவரும் தங்கம்மையின் வீட்டுக்குப் போனோம். அண்ணாச்சி கோபத்தில் இருந்தார். வாசலிலேயே, “நேரா சொல்லு தங்கம்மை, எவ்வளவு வெள்ளம் ஊத்தின?” என்றார்.

“ஒரு துளி வெள்ளம் சேர்க்கல்ல அண்ணாச்சி. என் பிள்ளைங்க மேல சத்தியம்,” என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“சத்தியத்துக்கு சீல் உண்டா? கற, பாப்போம்.”

பாத்திரத்தை அண்ணாச்சியே தேய்த்து, துடைத்து, கவிழ்த்துக் காயவைத்தார். தங்கம்மை எங்கள் கண்முன்னால் கறந்தாள். கருவியைப் பாலில் விட்டார். அது மிதக்க வேண்டிய இடத்தில் மிதக்காமல் தண்ணீர் கலந்த பாலில் இறங்குவது போல இன்னும் கீழே இறங்கி நின்றது. எடுத்துத் துடைத்து மறுபடியும் விட்டார். அதே இடத்தில் நின்றது.

“மடியிலேருந்து நேரா வந்த பாலு வேய்!” என்றார் அண்ணாச்சி, வாயைப் பிளந்து. “இதுல எவன் வெள்ளம் ஊத்தினான்?”

“அம்மிணிதான் ஊத்தியிருக்கணும்,” என்றேன். அம்மிணி பசுவின் பெயர். எலும்பு எண்ணலாம் போல இருந்தது. எங்களைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“வெயில்காலம் அல்லே அண்ணாச்சி. புல்லு கிடையாது. பிண்ணாக்கு வாங்க என்னால முடியல்ல. அவ என்ன செய்வா, பாவம்,” என்றாள் தங்கம்மை.

அண்ணாச்சி சட்டைப்பையிலிருந்து வாரண்டித் தாளை எடுத்தார். “இது என்னன்னு தெரியுமா?”

“நான் தினம் ஒப்பிடற பேப்பர்.”

“படிச்சியா?”

“அண்ணாச்சி தர்ற பேப்பர்தானே. படிக்கணுமா?”

அவர் தாளைத் திருப்பி அவளுடைய ஒப்பைப் பார்த்தார். பிறகு தாளை இரண்டாக மடித்து, அம்மிணியின் வாய்க்கு நேரே நீட்டினார். அம்மிணி முகர்ந்தது. ஒரு ஓரத்தைக் கடித்தது. ருசி பிடித்திருக்க வேண்டும், முழுவதையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

“அண்ணாச்சி, ஆறு மாசம்!” என்று நான் அவர் கையைப் பிடித்தேன்.

“பயமாத்தான் வேய் இருக்கு. நான் உள்ள போனா மாஸ்டர் சாம்பார் வச்சிருவான். இவ போனா அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா?” என்றார். உடனே என் பக்கம் திரும்பினார். “சரி, பசு பேப்பரத் தின்னத நீரு பாத்தீரு அல்லே?”

“பார்த்தேன்.”

“அப்ப மஹஸர் எழுதணும். ஒப்பு போடும்.”

போட்டேன். அதைப் பார்த்த வக்கீல் சாமி தலையில் கைவைத்துக்கொண்டார். “கரையான் அரிச்சதுன்னு கேட்டிருக்கேன், மழையில நனைஞ்சதுன்னு கேட்டிருக்கேன். பசு தின்னதுக்கு சாட்சியோட வந்தவர் நீர் ஒருத்தர்தான் ஓய்!”

கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அண்ணாச்சி ஒரு பையில் மாற்று வேட்டியும் பல்பொடியும் எடுத்துக்கொண்டுதான் போவார். அப்படியே உள்ளே போக வேண்டிவந்தால் என்ன செய்வது? தங்கம்மையை அவர் ஒருநாளும் கோர்ட்டுப் பக்கம் வரவிடவில்லை. கடைசியில் சாமி கேட்டுக்கொண்டபடி, எடுத்துவைத்திருந்த மற்ற இரண்டு பாட்டில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மத்தியப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் பால் திரிந்துபோயிற்று, பரிசோதிக்க லாயக்கில்லை என்று பதில் வந்தது. குற்றத்தை உறுதிசெய்ய வழியில்லை, விடுதலை என்றார் மாஜிஸ்திரேட்.

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “சாரே, அது திரியாது! நானே சீல் வச்சது!”

சாமி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுக்க, நான் தோளை அமுக்கினேன். “என்ன சொல்கிறார்?” என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“சந்தோஷத்துல அழறார், யுவர் ஆனர்,” என்றார் சாமி.

மறுநாள் காலை தங்கம்மை பால் ஊற்றிவிட்டு வழக்கம்போலத் தாளுக்காகக் கையை நீட்டினாள். அண்ணாச்சி ஒரு பிண்ணாக்கு மூட்டையைக் காட்டி, “அத எடுத்துட்டுப் போ,” என்றார். தாள் தரவில்லை.

சில வருஷங்கள் கழித்து நான் நகருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்துக்கு மாறிவிட்ட பிறகு, பழைய சட்டத்தை எடுத்துவிட்டுப் புதிய சட்டம் வரப்போகிறது என்று செய்தி வந்தது. அண்ணாச்சியிடமிருந்து போன். மூச்சிரைக்கப் பேசினார். “ரெப்பு, புதுச் சட்டத்த முழுசா படிச்சேன். தரம் குறைஞ்சா இனி அபராதம்தானாம், ஜெயில் இல்லியாம் வேய்! தங்கம்மைட்ட இப்பவே போய்ச் சொல்லணும்,” என்று சொல்லிவிட்டு, என் பதிலைக் கேட்காமல் வைத்துவிட்டார்.

இப்போது நான் எதை வாங்கினாலும் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதி பார்த்து, புள்ளி பார்த்துத்தான் வாங்குகிறேன். ஆனால் அந்த மனிதர் மட்டும் இன்றைக்கு என் எதிரில் வந்து ஒரு கிண்ணத்தை நீட்டினால், உள்ளே என்ன இருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்க மாட்டேன், சாப்பிட்டுவிடுவேன்.