கறுப்புத் திரைக்காரர்

நம் மலைநாட்டில் அட்டை, சிறுத்தை, சங்கத் தலைவர் ஆகிய உயிரினங்களோடு அண்மைக் காலமாக இன்னொன்றும் பெருகி வருகிறது. அதன் பெயர் கறுப்புத் திரைக்காரர்.

அடையாளம் காண்பது சுலபம். கணினி முன்னால் உட்கார்ந்தால் மவுஸைத் தொட மாட்டார். மற்றவர்கள் படத்தைப் பார்த்துப் பட்டனை அழுத்தி முடிக்கிற வேலையை, இவர் கறுப்புத் திரையில் ஒரு முழ நீளக் கட்டளையாக எழுதி, நடுவில் ஒரு புள்ளியை விட்டு, அது முறைத்ததும் திரும்ப எழுதி, மூன்றாம் தரம் சரிவந்ததும் கதிரையில் சாய்ந்து, "பாத்தீங்களா, ரெண்டே செக்கன்!" என்பார். முதல் இரண்டு தரத்துக்கான இருபது நிமிஷம் சேர்த்தியில்லை. கொத்மலையில் இந்த இனத்தவர் ஒருவர், அடுப்பில் பால் பொங்கியபோது எழுந்து போக மனமில்லாமல், அதை அடங்கச் சொல்லிக் கட்டளை தட்டினாராம். அடங்கியது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அடங்காமல் என்ன செய்யும்? சட்டியில் மிச்சமில்லையே!

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டிலும் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது.

ஹட்டனில் எங்கள் தேயிலைச் சிறுதோட்டக்காரர் சங்கத்துக்கு, கொழுந்து சேர்க்கும் கொட்டகைகளான மடுவங்கள் நாற்பத்தொன்று. கொழுந்தை நிறுத்து மூட்டை கட்டியதும், மடுவத்திலிருந்து போனில் ஒரு செய்தி வரும்: லொறி வரலாம். செய்திகள் கணினிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிற சனம்போல வரிசையில் நிற்கும். லொறி டிரைவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும். இடி விழுந்து ஒரு கணினி படுத்தால்? அதற்குத்தான் ஹட்டன், கினிகத்தேனை, நுவரெலியா என்று மூன்று கணினிகளில் அதே வரிசைக்குப் பிரதி. ஹட்டன் கணினி தலைவர். அவர் செய்வதை மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். மூவரையும் மேய்ப்பது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்து ஓய்வு பெற்ற நான். "ஒண்ணு செத்தாலும் ரெண்டு இருக்கு" என்று கல்யாண வீடு, கருமாதி வீடு பாராமல் சொல்லித் திரிந்தேன். கருமாதி வீட்டில் அது அவ்வளவாக எடுபடவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. சோதித்துப் பார்க்க ஓடவிட்ட போலி வரிசை ஒன்றைத் துடைக்க வேண்டியிருந்தது.

"பட்டன் இருக்கு டீச்சர். பேரைப் பாத்து அழுத்துனா போதும்" என்றாள் கூட வேலை பார்க்கும் சுலக்ஷனா.

பட்டனா? நானா? எங்கள் இனம் எதையும் புதிதாக எழுதாது. மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பழைய கட்டளையைத் தேடிப் பிடிக்கும். தட்டினேன். ஒரு தட்டு கூடிவிட்டது. வந்து நின்றது, வருஷப்பிறப்பு லீவுக்கு அசல் வரிசையைத் துடைத்த கட்டளை. படித்துப் பாராமலே அனுப்பினேன். கணினி நல்ல மனசோடு "நிச்சயமா?" என்று கேட்க ஆரம்பித்தது. முடிக்க விட்டேனா? "ஆம்."

மறுகணமே மூன்று பிரதிகளின் நிலவரமும் வந்தது. பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

"பாரு புள்ள, மூணும் என்ன ஒத்துமை! ஒரு செய்தி தேங்கி நிக்கல!"

"இந்த நேரத்துல எப்படி டீச்சர் தேங்காம இருக்கும்?"

யோசிக்க வேண்டிய கேள்விதான். நான் தேத்தண்ணீர் குடித்தேன்.

பதினொரு மணிக்கு நோட்டன் பிரிட்ஜ் மடுவத்து நாகலெட்சுமியின் போன்.

"லொறி எங்கங்க டீச்சர்? செய்தி போட்டு ஒரு மணித்தியாலம் ஆச்சு. மூட்டைக்குள்ள கைய விட்டா அடுப்பாட்டம் சுடுது. செவந்துருச்சுன்னா பெக்டரில எடுக்க மாட்டாங்க. பதினாறு வீட்டுக் கொழுந்துங்க!"

"பதறாத, பிரதி இருக்கு" என்றேன். கினிகத்தேனையில் தேடினேன். பூச்சியம். நுவரெலியாவில் தேடினேன். அங்கேயும் பூச்சியம். தலைவர் துடைத்தால் மற்றவர்களும் துடைக்கத்தானே செய்வார்கள்? என் மடத்தனத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். இடிக்குக் காவல் போட்ட எனக்கு, என் விரலுக்கு ஒரு காவல் போடத் தோன்றவில்லை.

சுலக்ஷனா போனை எடுத்து, மடுவம் மடுவமாகக் கூப்பிட்டாள். நான் மற்ற போனில் டிரைவர்களைப் பிடித்தேன். இரண்டு செக்கனில் துடைத்ததை வாயால் திரட்ட ஒன்றேகால் மணித்தியாலம். டிரைவர் வீரய்யா லொறியைத் திருப்பிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தபோது, நாகலெட்சுமி மூட்டைகளை அவிழ்த்து, மடுவத் தரை முழுக்கக் கொழுந்தைப் பரப்பி, பெண்களோடு சேர்ந்து கிளறிக் காற்றாட விட்டிருந்தாள். அடியில் கிடந்த ஒரு மூட்டை மட்டும் சிவந்து போயிற்று.

"யாரோடது?" என்று போனில் கேட்டேன்.

"என்னோடதுங்க. மத்தவங்களோடத முதல்ல பிரிச்சேன்."



சாயங்காலம் சங்கத் தலைவர் சோலைமலை வந்தார். "சிஸ்டத்துல ஏதோ கோளாறாமே?" என்றார். எங்கள் இனத்துக்குப் பிடித்த வாசகத்தை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். தலையாட்டியிருக்கலாம். ஆனால் சுலக்ஷனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோளாறைப் புடிச்சாச்சுங்க. வயசு எழுபத்தொண்ணு. மூக்குக்கண்ணாடி போட்டிருக்கு. அடுத்த கிழமை நாகலெட்சுமி மலையில கொழுந்து பறிச்சுக் கொடுக்கப் போகுது" என்றேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கறுப்புத் திரை, கட்டளை எதுவும் அறியாத அப்பாவி அல்லவா நீங்கள்? சரி. இன்று காலை, நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு என்று உங்கள் போனுக்கு ஒரு செய்தி வந்ததே, அதைத் திகதி பார்த்துவிட்டா குடும்பக் குழு, கோயில் குழு, பழைய மாணவர் குழு மூன்றுக்கும் அனுப்பினீர்கள்? அது போன வருஷத்துச் செய்தி.

இப்போது அழித்துப் பயனில்லை. மூன்று இடத்திலும் பத்திரமாக இருக்கிறது.