பனிக்குள் பேர் சொல்லாத மரக்கறி அண்ணன்

ஒரு வங்கி மேலாளரைப் பார்த்து, "ஏய் பீட்ரூட், அங்கிட்டு வழுக்கும், இப்பிடி வாங்க" என்று கத்திவிட்டு, அடி வாங்காமல் வீடு திரும்பக்கூடிய ஒரே ஆள் மாத்தளை மாவட்டத்திலேயே எங்கள் மரக்கறி அண்ணன்தான்.

எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு நடைபாதை உண்டு. ஏற்றம் அதிகமில்லை, பிள்ளைகள் செருப்போடு நடக்கலாம். ஓர் ஓடை, ஒரு பைன் மரக்காடு, முடிவில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் பாறை. குடும்பத்தோடு போகக்கூடிய சுலபமான பாதைகளைத் தேடித் தேடி வீடியோ எடுத்துப் போடும் பைத்தியம் எனக்கு. அந்தப் பாதைக்கு அண்ணன்தான் வழிகாட்டி. தம்புள்ளைச் சந்தையில் பல வருடம் மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர். நடக்கத் தொடங்குமுன் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, ஆளுக்கொரு மரக்கறியின் பெயரை வைத்துவிடுவார்.

"பனிக்குள்ள சொந்தப் பேரச் சொல்லக் கூடாதுங்க. அது கேட்டுக்கிட்டே இருக்கும். கேட்டா கத்துக்கும்."

"எது அண்ணே?"

"அதுக்குப் பேரு வைக்கல தம்பி. வச்சா வந்துரும்ல?"

ஒல்லியான நான் முருங்கைக்காய். ஒரு புதுமாப்பிள்ளைக்குப் பாகற்காய் விழுந்தபோது, புதுப்பெண் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாளாம். ஒருநாள் இரண்டு குழுக்கள் ஒன்றாக வந்து, இரண்டிலும் கத்தரிக்காய் இருந்துவிட்டது. அண்ணன் ஒரே ஒரு தரம் கூப்பிட, இரண்டு கத்தரிக்காய்களும் இரண்டு பக்கமிருந்து ஓடிவந்து மண்டையை மோதிக்கொண்டார்கள்.

போன வருடம் என் அக்காவையும் அவளுடைய ஆறு வயது மகள் தர்ஷினியையும் அழைத்துப்போனேன். அக்காவுக்குப் பூசணிக்காய்.

"என்னடா, ஏச்சு வாங்கவா இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்த?"

தர்ஷினி போஞ்சி, அதாவது பீன்ஸ். அவளுக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் குனிந்து, "போஞ்சின்னா மட்டுந்தான் பேசணும். சொந்தப் பேரச் சொன்னா வாயத் தொறக்கக் கூடாது" என்றார்.

"அம்மா சொன்னாலுமா?"

"அம்மா சொன்னாலும்."

பைன் மரக்காட்டுக்குள் நுழைந்தபோது பகல் இரண்டு மணி. பனி இறங்கியது. முதலில் மரங்கள் காணாமல் போயின, பிறகு சத்தங்கள். எங்கள் காலடி ஓசைகூட வேறு யாரோ நடப்பதுபோலக் கேட்டது. அக்கா காலில் ஏறிய அட்டையைப் பிடுங்க, பிள்ளையின் கையை ஒரு நிமிடம் விட்டாள். நிமிர்ந்தபோது பிள்ளை இல்லை.

"தர்ஷினி!"

பதில் இல்லை.

"தர்ஷினீ!"

இடது பக்கம், கீழேயிருந்து ஒரு குழந்தைக் குரல் வந்தது. "அம்மா... இங்க."

நான் பாய்ந்தேன். அண்ணன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இழுத்துப்போட்டார்.

"விடுங்கண்ணே! அவதான்!"

"அந்தப் பக்கம் தரையே கெடையாது! போஞ்சின்னு கூப்பிடுங்கக்கா!"

"போஞ்சி! அடியே போஞ்சி!" என்று அக்கா அழுதுகொண்டே கத்தினாள். உலகத்திலேயே வேடிக்கையான அழுகை அதுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்ன?"

வலது பக்கம், பத்தடி தூரத்தில், ஒரு மரத்தின் பின்னாலிருந்து தர்ஷினி கோபமாக வந்தாள். "எத்தன தடவ கூப்பிட்டீங்க! நான் பேசவே இல்லயே!"

அக்கா அவளை அள்ளி எடுத்தாள். அப்போது இடது பக்கம், கீழே, புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப்போல, ஏதோ மெதுவாகச் சொல்லிப் பார்த்தது.

"போ... போஞ்..."

"நடங்க. திரும்பாதீங்க" என்றார் அண்ணன்.

எதிரொலி என்று அக்காவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே நடந்தேன். எதிரொலி 'இங்க' என்று பதில் சொல்லாது என்பது படித்த எனக்கும் தெரியும்.

பாதை வந்து ரோட்டில் ஏறியதும் வெயில். தர்ஷினி பிஸ்கட் கேட்டாள். அண்ணன் வழக்கம்போல ஏதாவது கேலி பேசுவார் என்று திரும்பினேன். அவர் உதடு வெளுத்திருந்தது. என் சட்டையைப் பிடித்த கை இன்னும் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் விட்டிருந்தா போயிருப்பீங்க தம்பி" என்றார், பள்ளத்தைப் பார்க்காமல்.

மாத்தளை பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவர் என் சட்டையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.