உன் துப்பாக்கியை நீயே வைத்துக்கொள், தம்பி

பிட்டர்ரூட் பள்ளத்தாக்கு, மான்டானா
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி எல்டனுக்கு,

அக்கா லோர்னா எழுதுவது. நானும் உன் அத்தான் ஹார்லனும் நலம். என் வலது தோள் மட்டும் நலமில்லை. உன் முதுகுவலி தேவலையா?

அந்தப் பெரிய துப்பாக்கியைக் கொடுத்தபோது, "அக்கா, இது உதைக்கவே உதைக்காது, சும்மா தோள்ல தட்டிக் கொடுக்கும்" என்றாய். முதல் தோட்டாவிலேயே மேலிருந்த தொலைநோக்கி என் புருவத்தைக் கிழித்துவிட்டது. நாளை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. வருடக்கணக்காகக் குலுக்கலில் பெயர் போட்டு, இப்போதுதான் மேட்டுக்காட்டு அனுமதிச்சீட்டு எனக்கு விழுந்திருக்கிறது. வேறு யாருக்கும் அதை மாற்றிக் கொடுக்க முடியாது. அதனால் நானும் லேசில் விடவில்லை.

பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வேனே, சறுக்குக் காலணி போட்ட பையன் பந்தை எறிந்தால் அவனும் பின்னால் போவான், ஒல்லிப் பையன் வேகமாக, குண்டுப் பையன் மெதுவாக என்று. ஆகவே துப்பாக்கியைக் குண்டாக்கினோம். ஹார்லன் துப்பாக்கியின் பின்கட்டையைக் குடைந்து ஈயக் குண்டுகளைக் கொட்டினார். உதை குறைந்தது, ஆனால் நடந்தால் கிலுகிலுப்பைச் சத்தம். பிறகு கட்டையின் பின்னால் தடித்த ரப்பர் மெத்தை வைத்தோம். கட்டை நீண்டு, குளிர்க்கோட்டோடு தூக்கினால் அக்குளில் மாட்டிக்கொண்டது. பிறகு குழல் வாயில் ஓட்டை போட்ட இரும்புக் குழாயைத் திருகினோம். அது வெடிப்பைப் பக்கவாட்டில் தள்ளி உதையைப் பாதியாக்கும். பாதியாக்கியது. சுடுதளத்தில் பக்கத்து மேசையில் இருந்த என் பழைய மாணவன் ஓடிஸின் தொப்பி பறந்தது, காபி கவிழ்ந்தது. "டீச்சர், நீங்க குறி பாக்கவே வேணாம். பக்கத்துல நின்னு சுடுங்க, எல்க் காது செவிடாகி அப்படியே நின்னுடும்" என்றான்.

கடைசியில் ஹார்லன், "கோளாறு துப்பாக்கில இல்ல லோர்னா" என்று சொல்லி, தானே தோட்டா போட்டுக் கொடுத்தார். விசையை இழுத்தேன். 'க்ளிக்' என்றது. நானோ "ஆ!" என்று கண்ணை மூடிக் கத்திக்கொண்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். போட்டது காலித் தோட்டா!

"பாத்தியா? காலித் தோட்டாவே உன்ன உதைக்குது!"

சுடுதளமே சிரித்தது. சிரிக்கட்டும். ஆனால் சுடும்போது கண்ணை மூடுகிறவள் உயிருள்ள மிருகத்தைக் குறி வைக்கக் கூடாது. அது காயத்தோடு ஓடிக் காட்டில் கிடந்து சாகும். ஆகவே சீட்டு வீணானாலும் சரி என்று முடிவெடுத்துவிட்டேன். ஒட்டியது, திருகியது, கொட்டியது எல்லாவற்றையும் எடுத்தாயிற்று. ஞாயிறன்று உங்கள் பக்கம் வரும் ஓடிஸிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்புகிறேன்.

கர்த்தர் உன் முதுகையும் என் தோளையும் காப்பாராக.

அன்புடன்,
அக்கா லோர்னா

பின்குறிப்பு: சனி மாலை. "சீட்டு இருக்குல்ல, சும்மா நடந்துட்டு வரலாம் வா" என்று ஹார்லன் விடியலில் துப்பாக்கியையும் என்னையும் மேட்டுக்காட்டுக்கு இழுத்துப் போனார். சரிவுக்குக் கீழே ஓர் இளங்காளை எல்க் பக்கவாட்டில் நின்றது. அதன் முன்காலுக்குப் பின்னால் பனி ஒட்டிய மயிர் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது; கண்ணை மூடவே மறந்துவிட்டேன். விசையை இழுத்தேன். உதையும் இல்லை, சத்தமும் இல்லை.

"ஏங்க, மறுபடியும் காலித் தோட்டாவா போட்டீங்க?"

"கத்தாத. அங்க பாரு, விழுந்து கிடக்கு."

ஓடிஸ் துப்பாக்கி கொண்டுவர மாட்டான். ஒரு பின்தொடை கொண்டுவருவான். நீ சொன்னது பொய்தான், தம்பி. அது தோளில் தட்டிக்கூடக் கொடுக்கவில்லை.